ஓட்டை போட்ட நெகட்டிவும் தலைப்பில்லாத படங்களும்

முதல்ல காசு போன கதையைச் சொல்லிடறேன். ஸ்கூல்ல 1930கள்ல அமெரிக்காவுல வந்த பொருளாதாரப் பெருமந்தம் பத்தின பாடத்துக்கு சுவர்ல ஒட்ட கொஞ்சம் படம் வேணும்னு, டொரோத்தியா லாங்ங்கற ஃபோட்டோகிராஃபர் 1936ல கலிஃபோர்னியா நிபோமோல எடுத்தாங்களே அந்த அம்மாவும் குழந்தைங்களும், அதை படம் விக்கிற ஒரு சைட்ல காசு குடுத்து வாங்கிட்டேன். ரெண்டு நாள் கழிச்சுதான் தெரியுது, அது அரசாங்க வேலைக்காக எடுத்த படம், காப்பிரைட் தொல்லை இல்ல, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ங்கற அமெரிக்க தேசிய நூலகத்தோட சைட்ல பெரிய டிஃப் (TIFF) ஃபைலாவே சும்மா கிடைக்குது. வயிறு எரிஞ்சுது. நீங்க நேரா அங்க போயிடுங்க.

எஃப்எஸ்ஏ-ஓடபிள்யூஐ (FSA/OWI) கலெக்‌ஷன்னு தேடுங்க, ரெண்டு அமெரிக்க அரசாங்கத் துறைகளோட சுருக்கப் பேர் அது, 1935ல இருந்து 1944 வரைக்கும், கருப்பு வெள்ளை நெகட்டிவ் மட்டுமே கிட்டத்தட்ட 1,75,000 இருக்கு. தேடறதும் டவுன்லோடும் ஈஸிதான்.

மாட்டிக்கிட்டது வேற இடத்துல. பருத்தி வயல்ல மூட்டையோட நிக்கிற ஒரு பொண்ணு, அவ்ளோ நல்ல படம், ஆனா தலைப்பு இல்ல, ஊர் இல்ல. அப்ப பிரிண்ட் போடாம விட்ட நெகட்டிவுக்கெல்லாம் குறிப்பே எழுதல, இந்த மாதிரி ஆயிரக்கணக்குல கிடக்கு. அந்தப் படத்தோட வெப் பக்கத்துலயே கால் நம்பர் (call number, நூலகம் ஒவ்வொரு படத்துக்கும் குடுக்கற எண்) வரிசைப்படி பக்கத்துப் படங்களைப் பாக்கற லிங்க் இருக்கு பாருங்க, அதை நான் மூணு நாள் கவனிக்கவே இல்ல, அழுத்தினா நாலு படம் தள்ளி அதே பொண்ணு, மாநிலம் மாசம் எல்லாத்தோடவும்! ஆனா பக்கத்து நம்பர்ங்கறதுக்காக அப்படியே நம்பிடாதீங்க, அதே ஆள் அதே இடம்தானான்னு கண்ணால பாத்துட்டு எழுதுங்க.

சில படத்துல முகத்து மேலயே கருப்பா வட்டம் இருக்கும். ஸ்கேன் கோளாறுன்னு நினைச்சு மூணு தடவை திரும்பத் திரும்ப இறக்கினேன். இந்தப் படமெடுக்கிற வேலைக்குப் பொறுப்புல இருந்த ராய் ஸ்ட்ரைக்கர் வேண்டாம்னு ஒதுக்கின நெகட்டிவ்ல பஞ்ச் பண்ணி ஓட்டை போட்டிருக்காங்க. ஒரு விவசாயியோட நெத்தியில அந்த ஓட்டையைப் பாத்தப்ப மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

இன்னொரு சாயங்காலம் முழுசா வீணாப்போச்சு. 1942ல ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்ல அடைச்சப்ப லாங் எடுத்ததை இதுக்குள்ளயே தேடிட்டு இருந்தேன், அது வேற துறைக்காக எடுத்தது, பெரும்பாலும் இருக்கறது நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ங்கற அமெரிக்க அரசு ஆவணக் காப்பகத்துல. இதுல முக்கியமா ரசல் லீ எடுத்ததுதான் கிடைக்கும். யார் எடுத்தாங்கங்கறதோட எந்தத் துறைக்குன்னும் பாத்துட்டு தேடுங்க.

கார்டன் பார்க்ஸ் 1942ல எடுத்த எலா வாட்சன்ங்கற துப்புரவுத் தொழிலாளியோட படம், துடைப்பமும் மாப்புமா கொடி முன்னாடி நிக்கறது, அதை மட்டும்தான் எடுக்கப் போனேன். அப்படியே சுத்துவட்டாரத்தைத் தோண்டினா அவங்க வீடு, பேரப்பிள்ளைங்க, சர்ச்னு வரிசையா வருது, இவ்ளோ நாளா ஒரே படத்தை வச்சு பாடம் நடத்திட்டேனேன்னு ஆயிடுச்சு. இப்ப சுவர்ல துடைப்பத்தோட நிக்கற படத்துக்குப் பக்கத்துல பேரப்பிள்ளைங்களோட இருக்கற படமும் இருக்கு.