அத்தை நிமிர்ந்து பார்த்த இடங்கள்

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது அத்தை அப்பளம் இடுவதைப் படம் எடுத்தேன். பேட்டி கிடையாது, பின்னணிக் குரல் கிடையாது, ஓரமாக நின்று நடப்பதை மட்டும் எடுப்பது என்று முடிவு. அத்தையோ நாலு உருண்டைக்கு ஒரு தரம் குழவியை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இன்னும் சாப்பிடலையாடா நீ?" என்பார். எடிட்டிங்கில் அந்த இடங்களையெல்லாம் தேடித் தேடி வெட்டினேன். எடுப்பவன் அங்கே இல்லாத மாதிரி தெரிந்தால்தான் நல்ல ஆவணப்படம் என்று நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கை 'பிரைமரி' பார்த்ததில் வந்தது. 1960இல் அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர் ஆவதற்காக விஸ்கான்சின் மாநிலத்தில் கென்னடியும் ஹம்ஃப்ரியும் மோதிய உட்கட்சித் தேர்தலை ராபர்ட் ட்ரூ குழுவினர் எடுத்த படம். கேமராவைக் கையில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்துவிடுகிறார்கள்; கென்னடியின் முதுகுக்குப் பின்னாலேயே போய் மேடை வரைக்கும் ஏறுகிறோம். மனைவி ஜாக்குலின் மேடையில் பேசும்போது, முதுகுக்குப் பின்னால் வெள்ளைக் கையுறை போட்ட அவருடைய விரல்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டே இருக்கின்றன. அவருக்குப் பதற்றம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. 1967லிருந்து அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் ஃப்ரெடரிக் வைஸ்மன் மனநலச் சிறை, பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று போய் எடுத்த படங்களும் இந்த வழிதான்: கேள்வி இல்லை, விளக்கம் இல்லை, மைக்கைத் தானே பிடித்துக்கொண்டு போய், அப்புறம் மாதக்கணக்கில் உட்கார்ந்து வெட்டுவார். இந்த வகைப் படங்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதை இப்போதும் குறையவில்லை.

ஆனால் அதே 1960 கோடையில் பாரிஸில் இயக்குநர் ழான் ரூஷும் சமூகவியலாளர் எட்கர் மொரானும், அதே மாதிரி கையில் தூக்கிப்போகிற கேமராவை வைத்துக்கொண்டு, நேர் எதிராக ஒன்று செய்தார்கள். தெருவில் போகிறவர்களை நிறுத்தி, 'நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா?' என்று படத்தில் கலந்துகொண்டவர்களையே விட்டுக் கேட்கவைத்தார்கள். கேமரா இருப்பதாலேயே மனிதர்கள் வேறு எங்கும் சொல்லாததைச் சொல்லிவிடுவார்கள் என்பது ரூஷின் எண்ணம். 'ஒரு கோடையின் குறிப்பேடு' என்று சொல்லலாம் அந்தப் படத்தை.

அதில் மார்சலின் நடந்து வரும் காட்சியை இதுவரை ஐந்தாறு தரமாவது பார்த்திருப்பேன். ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பிய பெண் அவர், கூடவே கொண்டுபோகப்பட்ட அப்பா திரும்பவில்லை. டேப் ரெக்கார்டரைத் தானே சுமந்துகொண்டு பாரிஸ் தெருவில் தனியாக நடந்து, அப்பாவிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசிக்கொண்டே வருகிறார். கேமரா ஒரு காருக்குள் இருந்தபடி அவரை விட்டு விலகிக்கொண்டே போக, உருவம் சின்னதாகிறது, குரல் மட்டும் நம் காதுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தவர்களுக்கு அவர் என்ன பேசினார் என்பது அந்த நேரத்தில் கேட்டிருக்கவே முடியாது. கேமரா இல்லாவிட்டால் அந்தப் பேச்சும் இல்லை, அதனால் அது பொய்யா? இல்லை என்றுதான் நான் சொல்வேன். எடுத்ததைக் கலந்துகொண்டவர்களுக்கே போட்டுக் காட்டி, அவர்கள் 'இது நடிப்பு' என்றும், 'இவ்வளவு அந்தரங்கத்தை வெளியே காட்டலாமா' என்றும் சண்டை போடுவதையும் ரூஷ் படத்திலேயே வைத்திருக்கிறார், அந்தத் துணிச்சல்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

வைஸ்மன் படத்தில் இருப்பவர்களுக்கும் எதிரே ஒருவர் மைக்கோடு நிற்பது தெரியும்தானே. அங்கே அவர்கள் தங்கள் வேலையில் முழுகியிருப்பதால் அந்த மைக் நமக்கு மறந்துபோகிறது. என் அத்தை விஷயம் அப்படி இல்லை. அவர் முழுகியிருந்தது அப்பளத்தில் பாதி, நான் சாப்பிடாமல் நிற்பதில் பாதி. அந்தப் பாதியைத்தான் நான் வெட்டி எறிந்திருக்கிறேன்.

போன வாரம் பழைய ஃபைல்களைத் திறந்து, வெட்டின இடங்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தேன். "இதோ, அப்புறம் சாப்பிடறேன் அத்தை" என்று என் குரலும் வருகிறது. ஒரு இடத்தில், "வெளிச்சத்தை மறைக்கிறடா, தள்ளி நில்லு" என்கிறார். அதையும் விட்டுவிட்டேன். பொங்கலுக்கு ஊருக்குப் போய் அத்தைக்கு முழுசாகப் போட்டுக் காட்டப்போகிறேன், அவர் பார்க்கும்போது கேமராவை ஓடவிட்டு.