யூஆர்எல்லை ஒட்டுப்போட்டுக் கட்டாதீர்கள்

செயலிக்காகச் சர்வரிடம் தகவல் கேட்டு வாங்கித் தரும் எச்டிடிபி கிளையன்ட் லைப்ரரி, கேச்சில் (முன்பு வந்த பதில்களைச் சேமித்து வைக்கும் இடத்தில்) தேடுவதும், திறந்திருக்கும் கனெக்‌ஷனை மறுபடி எடுத்துக்கொள்வதும், சர்வரின் அடையாளச் சான்றான சர்டிஃபிகேட்டில் பெயர் சரிபார்ப்பதும் யூஆர்எல்லை வைத்துத்தான். ஸ்ட்ரிங்கோடு ஸ்ட்ரிங்கைச் சேர்த்து யூஆர்எல் கட்டும் பழக்கத்தை முதலில் விடுங்கள். யூஆர்எல்லைக் கட்டித் தர லைப்ரரியிலேயே இருக்கும் பில்டரிடம் மதிப்பை உள்ளபடியே கொடுங்கள். இடைவெளியை நாமே %20 என்று மாற்றிக் கொடுத்தால், பில்டர் அந்தச் சதவீதக் குறியையும் மாற்றி %2520 ஆக்கிவிடும். சர்வர் தேடுவது வேறெதையோ. இன்னொரு பொறி கடைசிச் சாய்கோடு. "/கடை/பழம்" என்ற அடிப்படையோடு "விலை" சேர்ந்தால் கிடைப்பது "/கடை/விலை". "/கடை/பழம்/" என்று முடிந்திருந்தால்தான் பழம் தங்கும்.

கேச்சின் சாவி, கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதையும் சேர்த்த முழு யூஆர்எல். பாராமீட்டர்களின் வரிசை மாறினாலே அது வேறு பதிவு. ஒவ்வொரு கோரிக்கையிலும் நேரமுத்திரை ஒட்டினால் கேச் வெறுமனே டிஸ்க்கை நிரப்பும். ஆண்ட்ராய்டிலும் ஜாவாவிலும் பயன்படும் ஓகேஎச்டிடிபி லைப்ரரியில் கேச் தானாக இயங்காது: டைரக்டரியும் உச்ச அளவும் கொடுக்க வேண்டும், ஒரே டைரக்டரியை இரண்டு கேச்கள் பகிரக் கூடாது. பதிலின் உடலை முழுதாகப் படிக்காமல் மூடினால் அது சேமிக்கப்படாமல் போகலாம். பலர் குழப்பிக்கொள்வது இது: சர்வர் பதிலோடு 'நோ-கேச்' என்று குறித்து அனுப்பினால் சேமிக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்டு உறுதிசெய்த பிறகே பயன்படுத்தலாம். மாறவில்லையென்றால் 304 என்ற நிலைக் குறியீடு வரும், உடல் வராது. சேமிக்கவே கூடாது என்பதற்கு 'நோ-ஸ்டோர்'.

கோரிக்கைக்கொரு கிளையன்ட் உருவாக்குவது பெரிய வீண். தகவலை மறையாக்கி அனுப்பும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.2 பதிப்பில் புதிய கனெக்‌ஷனின் முழு ஹேண்ட்ஷேக்குக்கு (தொடக்க அறிமுகப் பேச்சுக்கு) இரண்டு சுற்றுப் பயணம், 1.3-க்கு ஒன்று, கிளையன்ட்டைப் பகிர்ந்தால் பெரும்பாலும் அதுவும் மிச்சம்.

சர்டிஃபிகேட் பிழை வந்ததும் சரிபார்ப்பை அணைக்கச் சொல்லும் பதில்களைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். அணைத்த பிறகும் தகவல் மறையாக்கத்தோடுதான் போகும். யாரிடம் போகிறது என்பது மட்டும் தெரியாது. பிரௌசரில் திறக்கிறது, செயலியில் திறக்கவில்லை என்றால், தன் சர்டிஃபிகேட்டை நம்பகமான மூலச் சர்டிஃபிகேட்டோடு இணைக்கும் இடைநிலைச் சர்டிஃபிகேட்டைச் சர்வர் அனுப்பாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விட்டுப்போனதைச் சில பிரௌசர்கள் தாமே தேடி நிரப்பிக்கொள்ளும், லைப்ரரிகள் பெரும்பாலும் நிரப்பாது. அதைச் சர்வரில் திருத்த வேண்டும். ஹோஸ்ட் பெயருக்குப் பதில் ஐபி எண்ணைப் போட்டாலும் பெரும்பாலும் பெயர் பொருந்தாமல் இதே கதவு மூடும். அங்கே திருத்த வேண்டியது யூஆர்எல்.