எட்டுக் கணினி, ஒரு கணக்கு

2024 ஜூன் 1, சனி

எட்டு மேசைக் கணினிகளும் அலமாரியில் ஏறிவிட்டன. இவற்றைக் கோத்து, சேர்ந்து ஒரே கணக்கைப் போடும் கிளஸ்டராக்கப் போகிறேன். வேறு வேலைகளிலிருந்து ஒதுக்கப்பட்டவை. ஒவ்வொன்றிலும் 4 கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்), 16 ஜிபி ராம். எல்லாம் ஒரே மாடல் என்பதில்தான் எனக்கு நிம்மதி. ஒரு கணக்கை எட்டாகப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு படி முடிந்ததும் எல்லாக் கணினிகளும் ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டும் என்றால், கடைசியாக முடிப்பதுதான் மொத்த வேகம். ஏழு வேகமான கணினிகளோடு ஒரு மெதுவான கணினியைச் சேர்த்தால், எட்டு மெதுவான கணினிகள்தான் கிடைக்கும்.

நடுவில் ஒரு ஜிகாபிட் ஸ்விட்ச். வேறு விசேஷமான வன்பொருள் எதுவும் இல்லை.

இந்த வழியைப் பிரபலமாக்கியவர்களை இன்று நினைத்துக்கொண்டேன். 1994-ல் நாசாவின் கோடார்டு விண்வெளி மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் கடையில் கிடைக்கும் 486 வகைக் கணினிகள் 16-ஐ ஈதர்நெட்டில் கோத்து, லினக்ஸ் போட்டு ஓட்டினார்கள். அதுதான் பேயோவுல்ஃப் என்ற கிளஸ்டர். அதில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் பட்ட சிரமம்தான். அன்றைய 10 மெகாபிட் ஈதர்நெட் அந்த பிராசஸர்களுக்கே போதவில்லை. அதனால் பெக்கர் லினக்ஸின் ஈதர்நெட் டிரைவரை மாற்றி எழுதி, ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகளை ஒரே வழிபோலப் பிணைத்தார். அந்தக் கிளஸ்டரிலேயே தலைவலி கணக்கு போடுவதில் இல்லை, கணினிகள் பேசிக்கொள்வதில்தான் இருந்திருக்கிறது.

2024 ஜூன் 2, ஞாயிறு

நாள் முழுக்க நிறுவல். கிளஸ்டரில் உள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு. முதல் கணினி தலைமை நோடு. அதன் டிஸ்க்கில் உள்ள ஹோம் அடைவை மற்ற ஏழும் என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு வழியாகப் பார்க்கின்றன. பயனர் எண் எட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்து எண் வேறாக இருந்தால் கோப்பு உரிமையில் குழப்பம் வரும். கடவுச்சொல் கேட்காமல் ஒரு நோடிலிருந்து இன்னொன்றுக்குள் போக எஸ்எஸ்எச் சாவிகள். நோடுகளில் ஓடும் நிரல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப உதவும் எம்பிஐ நூலகம் எல்லா நோடிலும் ஒரே பதிப்பு.

இரண்டு விஷயங்களை மட்டும் விரிவாக எழுதி வைக்கிறேன், இதே வேலையைத் தொடங்கும் யாருக்கும் உதவும்.

ஒன்று, எந்தக் கணினிப் பெயருக்கு எந்த ஐபி முகவரி என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பு. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் இரண்டும் பொதுவாக நிறுவும்போதே கணினியின் சொந்தப் பெயரை 127.0.1.1 என்ற, எந்தக் கணினியிலும் தன்னையே குறிக்கும் முகவரியோடு சேர்த்து எழுதிவிடும். தனிக் கணினிக்கு அதனால் தொல்லை இல்லை. கிளஸ்டரில், ஒரு நோடு தன் முகவரி இதுதான் என்று அதை மற்றவர்களிடம் சொன்னால், அவர்கள் தங்களையே அழைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த வரியை நீக்கி உண்மையான ஐபி முகவரிகளை எழுதினேன்.

இரண்டு, கடிகாரம். வேலைகளை வரிசைப்படுத்த ஸ்லர்ம் போட்டிருக்கிறேன். அது நோடுகளை நம்புவதற்கு மஞ்ச் என்ற சேவையின் சான்றை நம்புகிறது. அந்தச் சான்றுக்கு இயல்பாக 300 வினாடிதான் ஆயுள். கடிகாரங்கள் அதற்கு மேல் விலகினால் எல்லாம் சரியாக இருந்தும் நோடு ஏற்கப்படாது. க்ரோனி போட்டு எட்டையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தாயிற்று.

2024 ஜூன் 5, புதன்

என் கணக்கு எளிமையானது. ஒரு தகட்டில் வெப்பம் பரவுவது. தகட்டைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியின் புதிய மதிப்பும் அதன் நான்கு அண்டைப் புள்ளிகளின் சராசரி என்று எடுத்துக்கொண்டு, மதிப்புகள் நிலைக்கும் வரை திரும்பத் திரும்பக் கணக்கிடுவது. 8192-க்கு 8192 புள்ளி. பழைய மதிப்பு, புதிய மதிப்பு என இரண்டு அணிகள் (எண் அட்டவணைகள்), மொத்தம் 1 ஜிபி.

முதலில் ஒரே கணினியில் ஓட்டினேன். ஒரு கோரிலிருந்து இரண்டுக்குப் போனபோது நல்ல முன்னேற்றம். அதற்கு மேல் நான்கு வரை போனாலும் பெரிதாக ஒன்றும் இல்லை. இது எதிர்பார்த்ததுதான். நான்கு எண்ணைக் கூட்டி வகுக்க பிராசஸருக்கு நேரமே ஆகாது; அந்த எண்கள் ராமிலிருந்து வந்து சேர்வதற்குத்தான் நேரம். நினைவகத்தின் பேண்ட்விட்த், அதாவது நொடிக்கு அது தரக்கூடிய அளவு, நிரம்பிவிட்டால் மீதிக் கோர்கள் சும்மா காத்திருக்கும். கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கணினி சேர்ப்பவர்கள் இதை ஒருமுறையாவது அளந்து பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட கணக்குக்கு எட்டுக் கணினி என்பது 32 கோர் என்பதை விட, எட்டு தனித்தனி நினைவகப் பாதைகள் என்பதே சரி.

நான்கு கோரும் ஓடும்போது ஒரு படிக்கு ஏறக்குறைய 64 மில்லிவினாடி. எட்டில் ஒரு பங்கு 8. இனி அந்த 8-க்கு மேல் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் கேள்வி.

2024 ஜூன் 8, சனி

தகட்டைக் கிடைமட்டப் பட்டைகளாக வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். ஒவ்வொரு படியிலும் பட்டையின் மேல் வரிசை மேலே இருப்பவருக்கும், கீழ் வரிசை கீழே இருப்பவருக்கும் போக வேண்டும். ஒரு வரிசை 8192 எண், 64 கிலோபைட். ஜிகாபிட்டில் நொடிக்கு 115 மெகாபைட் அளவில் போகிறது, ஆக ஒரு வரிசைக்கு அரை மில்லிவினாடிக்குச் சற்று மேல். இரண்டு வரிசைக்கும் சேர்த்து 1 மில்லிவினாடியை ஒட்டி. 8-உம் 1-உம் 9.

ஓட்டினால் 20 வந்தது.

எல்லா நோடிலும் ஒரே மாதிரி 20. இதுதான் இந்த வகை நிரலில் ஏமாற்றும் இடம். ஒரு நோடு தாமதித்தால் அதன் அண்டை காத்திருக்கும், அதற்கு அடுத்தது அதற்காகக் காத்திருக்கும், சில படிகளில் எட்டுமே ஒரே அளவு மெதுவாகத் தெரியும். மொத்த நேரத்தைப் பார்த்து யார் காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. கணக்கிடும் நேரத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் பிரித்து அளந்தாலும், காத்திருந்தவர்கள் யார் என்றுதான் தெரியும்.

அதனால் நிரலை விட்டுவிட்டு, ஐபெர்ஃப் கருவியால் நோடுகளை இரண்டிரண்டாகச் சோதித்தேன். ஆறாவது நோடு வரும் எல்லா ஜோடியிலும் வேகம் பத்தில் ஒரு பங்கு. அந்த இணைப்பு 100 மெகாபிட்டில் இறங்கி உட்கார்ந்திருந்தது. ஜிகாபிட் ஈதர்நெட்டுக்குக் கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடி கெட்டுப்போன கேபிள் பிழை எதுவும் காட்டாமல் குறைந்த வேகத்துக்கு ஒத்துக்கொண்டு ஓடும். கேபிளை மாற்றியதும் 9.3.

இனி ஒவ்வொரு முறை இயக்கும்போதும் எல்லா நோடின் இணைப்பு வேகத்தையும் பார்க்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டுவிட்டேன்.

2024 ஜூன் 9, ஞாயிறு

இன்று இரண்டு சோதனைகளை வேண்டுமென்றே செய்து பார்த்தேன்.

முதலாவது, பிராசஸ்களை, அதாவது நிரலின் ஓடும் பிரதிகளை, எங்கே வைப்பது. நோடுக்கு நான்கு வீதம் 32 பிராசஸ், 32 பட்டை. 0 முதல் 3 வரை முதல் நோடில், 4 முதல் 7 வரை இரண்டாவதில் என்று அடுக்கினால், பெரும்பாலான அண்டைகள் ஒரே கணினிக்குள் இருப்பார்கள்; பரிமாற்றம் நினைவகத்துக்குள்ளேயே முடியும். ஒரு நோடிலிருந்து வெளியே போவது இரண்டு வரிசைதான். அதையே சுற்றி வந்து ஆளுக்கு ஒன்றாகப் போட்டால், அதாவது 0 முதல் நோடில், 1 இரண்டாவதில் என்றால், எல்லா அண்டையும் வேறு கணினியில். நோடுக்கு எட்டு வரிசை கம்பியில் போகிறது, கம்பியில் செலவாகும் நேரம் நான்கு மடங்கு. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஓட்டும் கட்டளையில் ஒரே ஒரு தேர்வு. எம்பிஐ கற்றுத்தரும் பலர் இதைக் கடைசிப் பக்கத்தில் வைக்கிறார்கள். முதல் பாடத்திலேயே சொல்ல வேண்டியது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, பூட்டிக்கொள்ளுதல். இரண்டு அண்டைகளும் முதலில் சென்ட் (அனுப்புவது), அப்புறம் ரிசீவ் (வாங்குவது) என்று எழுதினால் என்ன ஆகும்? சிறிய தகட்டில் அருமையாக ஓடுகிறது. தகட்டைப் பெரிதாக்கினால் அப்படியே நிற்கிறது. சிறிய செய்தியை நூலகம் தன்னிடமே வாங்கி வைத்துக்கொண்டு சென்ட்டை முடித்துவிடும். பெரிய செய்தியை எதிர்த்தரப்பு வாங்கத் தயார் என்று சொல்லும்வரை அனுப்பாது; இரண்டு பேருமே அனுப்பக் காத்திருந்தால் வாங்குவது யார்? அந்த அளவெல்லை நூலகத்துக்கு நூலகம், இணைப்புக்கு இணைப்பு மாறும். அதனால் ‘என் கணினியில் ஓடியது’ என்பது இங்கே சான்றே இல்லை.

இதைவிட நுட்பமானது இன்னொன்று. எல்லாரும் கீழே மட்டும் அனுப்பிவிட்டு மேலிருந்து வாங்குவது என்று எழுதினால் நிரல் நிற்காது. கடைசிப் பட்டைக்குக் கீழே யாரும் இல்லை, ஆகவே அது வாங்கும். பிறகு அதற்கு மேலிருப்பது விடுபடும். இப்படி ஒவ்வொன்றாக அவிழும். விடை சரியாக வரும், ஆனால் பரிமாற்றம் முழுக்க வரிசையில் நடக்கும். விடை சரியாக இருப்பதால் யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள்.

அனுப்புவதையும் வாங்குவதையும் ஒன்றாகச் செய்யும் சென்ட்ரிசீவ் அல்லது காத்திருக்காத ஐசென்ட், ஐரிசீவ் போட்டால் இரண்டு தொல்லையும் தீரும். ஐசென்ட் போட்டுவிட்டு, வரிசைகள் வந்து சேர்வதற்குள் பட்டையின் உட்பகுதியைக் கணக்கிடலாம் என்பது கூடுதல் லாபம். டிசிபி என்ற வழக்கமான வலையமைப்பு வழியில் செய்தி பின்னணியில் எப்போதும் முழுதாக நகர்ந்துவிடுவதில்லை, அதனால் அந்த லாபம் பாதியளவுதான் கிடைத்தது. அதுவும் நல்லதுதான்.

2024 ஜூன் 13, வியாழன்

உடன் வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்டார்: “அண்ணா, ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கு, ஒவ்வொன்றையும் அலசணும். எம்பிஐ கத்துக்கணுமா?”

“ஒரு படத்தோட விடை இன்னொரு படத்துக்கு வேணுமாம்மா?”

“வேண்டாம்.”

“அப்ப எம்பிஐ எதுக்கு?”

ஸ்லர்மில் வேலை அணியாகப் போட்டுக் கொடுத்தேன். ஒரே ஸ்கிரிப்ட், ஒவ்வொரு பிரதிக்கும் ஓர் எண், அந்த எண்ணை வைத்துத் தன் பங்குப் படங்களை எடுத்துக்கொள்ளும். யாரும் யாரோடும் பேச வேண்டாம்.

இருந்தும் முதலில் மெதுவாகத்தான் போனது. நோடுக்கு நான்கு பிரதி. ஒவ்வொரு பிரதிக்குள்ளும் கணித நூலகம் கோர் எண்ணிக்கையைப் பார்த்துத் தானாக நான்கு த்ரெட் (இணையாக ஓடும் வேலை இழை) கிளப்புகிறது. நான்கு கோரில் 16 த்ரெட் முட்டிக்கொண்டன. த்ரெட் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ் மாறியை 1 ஆக வைத்ததும் சீரானது. படங்களையும் என்எஃப்எஸ்ஸிலிருந்து ஒவ்வொன்றாகத் திறக்காமல், ஒரே கட்டாக அந்தந்த நோடின் சொந்த டிஸ்க்குக்கு நகலெடுத்து அங்கே பிரித்துக்கொள்ளச் சொன்னேன். சிறிய கோப்புகள் ஆயிரமாயிரம் என்றால் என்எஃப்எஸ் மூச்சுத் திணறும்.

2024 ஜூன் 16, ஞாயிறு

1024-க்கு 1024 என்ற சிறிய தகட்டை எட்டு நோடில் ஓட்டினால் வேகம் இரண்டு மடங்குகூடச் சரியாக வரவில்லை. கணக்கிடுவது ஒரு மில்லிவினாடியின் சிறு பகுதி, மீதியெல்லாம் பேச்சு. வரிசை பரிமாறுவதை விடவும் ஆல்ரெடியூஸ் என்ற எம்பிஐ கூட்டல்தான் அதிகம் தின்றது. மதிப்புகள் நிலைத்துவிட்டனவா என்று பார்க்க, ஒவ்வொரு படியிலும் எல்லாரிடமும் உள்ள மாற்றத்தைக் கூட்டிப் பார்க்கிறேன். செய்தி எவ்வளவு சிறியதானாலும் டிசிபி வழி ஈதர்நெட்டில் ஒரு நடைக்குப் பத்துக்கணக்கான மைக்ரோவினாடி ஆகும். இன்ஃபினிபேண்ட் என்ற சிறப்பு இணைப்பில் அது ஒன்றிரண்டு மைக்ரோவினாடிதான். பெரிய கிளஸ்டர்கள் அதற்குச் செலவு செய்வது இதனால்தான். என்னிடம் அது இல்லை. ஆகவே நிலைத்ததா என்ற கேள்வியை 100 படிக்கு ஒருமுறை மட்டும் கேட்கிறேன். சில படிகள் கூடுதலாக ஓடும், பரவாயில்லை.

கூட்டுத்தொகையில் இன்னொன்று கவனித்தேன். ஒரு பிராசஸில் வரும் தொகையும் எட்டில் வரும் தொகையும் கடைசி இலக்கங்களில் வேறு. மிதவைப் புள்ளிக் கூட்டலில், அதாவது கணினி தசம எண்களைக் கூட்டும்போது, எந்த வரிசையில் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து ரவுண்டு ஆவது மாறும். பிரித்துக் கூட்டினால் வரிசை மாறித்தானே ஆக வேண்டும். இரண்டு விடையும் ஒரே அளவு நம்பகமானவை. அதனால் சோதனைகளில் ‘சமமா’ என்று கேட்காமல் ‘இவ்வளவுக்குள் நெருக்கமா’ என்று கேட்கும்படி எழுதினேன்.

2024 ஜூன் 21, வெள்ளி

இரவில் மூன்றாவது நோடு மின்சாரம் போய் விழுந்தது. ஒரு பிராசஸ் போனால் எம்பிஐ வேலை முழுதும் போகும். எட்டு மணி நேர ஓட்டம் வீணாகவில்லை, ஏனென்றால் இடைநிலை சேமித்து வைக்கிறேன்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை சேமிப்பது என்பதற்கு 1974-ல் ஜான் யங் தந்த ஒரு சூத்திரம் இருக்கிறது: சேமிக்க ஆகும் நேரத்தையும், கோளாறுகளுக்கு இடையிலான சராசரி நேரத்தையும் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம். எனக்குச் சேமிக்க 5 வினாடி. மூன்று நாளுக்கு ஒரு கோளாறு என்று வைத்தால் ஏறக்குறைய 27 நிமிடம். அரைமணி என்று வைத்திருக்கிறேன். புதிய சேமிப்பை வேறு பெயரில் எழுதி, முழுதாக டிஸ்க்கில் இறங்கிய பிறகே பழைய பெயருக்கு மாற்ற வேண்டும். எழுதும் பாதியில் விழுந்தாலும் முந்தையது பத்திரமாக இருக்கும்.

2024 ஜூன் 23, ஞாயிறு

கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-ல் சொன்னது கறாரானது. நிரலில் 5 சதவீதம் பிரிக்க முடியாததாக இருந்தால், எத்தனை கணினி சேர்த்தாலும் 20 மடங்கைத் தாண்ட முடியாது. 16 பிராசஸரில் 9 மடங்கை ஒட்டித்தான் வரும். 1988-ல் ஜான் கஸ்டாஃப்சன் கேள்வியையே மாற்றினார். பெரிய இயந்திரம் கிடைத்தவர்கள் அதே பழைய கணக்கை வேகமாகப் போடுவதில்லை, பெரிய கணக்கைப் போடுகிறார்கள்; கணக்கு பெருகும்போது பிரிக்க முடியாத பகுதி அதே விகிதத்தில் பெருகுவதில்லை.

என் பட்டைகளில் அது கண்ணெதிரே தெரிகிறது. தகட்டின் பக்கத்தை நான்கு மடங்காக்கினால் கணக்கு 16 மடங்கு, பரிமாறும் வரிசை 4 மடங்குதான். பட்டைக்குப் பதில் சதுரத் துண்டுகளாக வெட்டினால் பரிமாற்றம் இன்னும் குறையும். 8 நோடுக்கு அந்த லாபம் சிறியது, நெடுக்கு வரிசைகள் நினைவகத்தில் சிதறிக் கிடப்பதால் திரட்டி அனுப்பும் வேலை வேறு. நூறு நோடு என்றால் கண்டிப்பாகச் செய்வேன்.

இன்று 32768-க்கு 32768. இரண்டு அணிகளுக்கும் 16 ஜிபி; இயங்குதளத்துக்கும் இடம் வேண்டும், ஆகவே ஒரு கணினியில் இது ஏறவே ஏறாது. எட்டில் ஆளுக்கு 2 ஜிபி. முதல் 100 படிகளின் சராசரி 135 மில்லிவினாடி, அதில் பரிமாற்றம் 5-ஐத் தாண்டவில்லை. இந்தக் கணக்கு முடிய நாள்கணக்காகும். வரிசையில் அடுத்து படங்களின் இரண்டாவது தொகுதி காத்திருப்பதால், சேமிப்பு முடிந்ததும் நிறுத்தி அதற்கு வழிவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும்படி ஸ்லர்மில் போட்டிருக்கிறேன்.