காட்பாடியின் ‘க’வும் காந்தி நகரின் ‘க’வும்

“பிள்ளைக்கு எழுத்தெல்லாம் தெரியும் மிஸ், வாசிக்கத்தான் வரவில்லை.” இந்தி வகுப்பில் சேர்க்க வரும் தாய்மார்களில் பாதிப்பேர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நோட்டைப் பிரித்துக் காட்டுவார்கள். பக்கம் பக்கமாக 33 மெய்யெழுத்துகளும் முத்து முத்தாக இருக்கும். அந்தக் கையெழுத்தைப் பாராட்டிவிட்டு, ஏதாவது ஓர் எழுத்தைத் தொட்டு “இது என்ன கண்ணா?” என்று கேட்பேன். “க” என்பான். அடுத்ததைத் தொட்டால் அதுவும் “க”. அதற்கடுத்த இரண்டும் அப்படியே. நான்கையும் அழகாக எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அவை நான்கும் ஒரே ஒலி. வாசிப்பு எங்கிருந்து வரும்?

காட்பாடி காந்தி நகரில் வீட்டு முன்னறையில் மாலை வகுப்பு நடத்துகிறேன். தமிழகத்தில் 1968 முதல் இருமொழிக் கொள்கை என்பதால், அரசுப் பாடத்திட்டப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இந்தியைச் சந்திப்பது என்னைப் போன்றவர்களின் வீட்டுத் திண்ணையில்தான். அவர்கள் தட்சிண பாரத இந்திப் பிரசார சபாவின் தேர்வுகளுக்காக வருகிறார்கள். பிப்ரவரி, ஆகஸ்டு என்று ஆண்டுக்கு இருமுறை தேர்வு. சி.பி.எஸ்.இ. பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காக வருகிறார்கள். மொழி அரசியலில் எனக்கும் கருத்து உண்டு, என் அண்ணனுக்கு அதற்கு நேர்மாறான கருத்து உண்டு. இரண்டையும் செருப்போடு வாசலில் விட்டுவிட்டுத்தான் வகுப்பு நடக்கிறது.

இந்தி எழுத்துகளின் விளக்கப்படத்தைச் சுவரில் மாட்டியதும் நான் முதலில் காட்டுவது அதன் அமைப்பை. ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து எழுத்து. ஒவ்வொரு வரிசையின் முதலெழுத்தும் கடையெழுத்தும் நம்முடையவை: க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம. வரிசைகளின் அடுக்கும் நம்முடையதே, தொண்டையில் தொடங்கி உதட்டில் முடிகிறது. இடையில் இருக்கும் மூன்று கட்டங்கள்தான் தமிழில் இல்லை. இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். இருபத்தைந்தில் பத்து இனாமாக வந்துவிட்டதே!

உண்மையில் பதினைந்து வந்துவிட்டது என்பதுதான் என் கட்சி. மூன்றாம் எழுத்துகளுக்குத் தமிழில் வடிவம் இல்லையே தவிர, ஒலி நம் வாயில் பிறந்ததிலிருந்து இருக்கிறது. தங்கம், பஞ்சு, வண்டி, பந்து, தம்பி. ஐந்து சொல்லிலும் மூக்கொலிக்குப் பின்னால் வருவது அந்தந்த வரிசையின் மூன்றாம் எழுத்துதான். எங்கள் முகவரியையே எடுத்துக்கொள்ளுங்கள். காட்பாடியின் ‘க’ முதலாவது, காந்தி நகர் என்னும்போது ‘க’ மூன்றாவது. பழைய பாட்டிகள் காந்தியையும் முதல் ‘க’ போட்டுத்தான் அழைத்தார்கள், ஆனால் இன்றைய பிள்ளை எவனும் அப்படிச் சொல்வதில்லை. குடிக்கிற பாலையும் ஆடுகிற பாலையும் ஒரே மாதிரி எழுதுகிறோம், எந்தக் குழந்தையும் குழம்புவதில்லை. வகுப்பில் எப்போதும் எடுபடுவது பிரியாவும் பிரியாணியும். ஆம்பூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பிரியாணியின் ‘பி’யைத் தெரியாது என்று ஒருவன் சொல்ல முடியுமா? இரண்டையும் மாற்றிச் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். பிரியாவைப் பிரியாணியின் ‘பி’யில் அழைத்ததும் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் பிடிக்கும். அந்தச் சிரிப்பு வந்துவிட்டாலே பாடம் முடிந்தது என்று பொருள், ஏனென்றால் காது வேறுபாட்டைப் பிடித்துவிட்டது.

வாசிக்கும்போது மட்டும் பழைய பழக்கம் வந்து நிற்கும். ‘கம்லா’ என்று பூந்தொட்டிக்கான சொல்லை வாசிக்கச் சொன்னால் காட்பாடியின் ‘க’வில் தொடங்குவார்கள். அதற்கு எளிய வழி, முன்னால் ‘ங்’ போடுவது. வாயை மூடி ‘ங்’ என்று முனகிக்கொண்டே ‘ங்கம்லா’ என்று சொல்லச் சொல்வேன். பிறகு முனகலை வெளியே கேட்காமல் மனத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வேன். தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தால் அதிர்வு தெரியும். ‘ம்’ போட்டால் ப வரிசை, ‘ந்’ போட்டால் த வரிசை, எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான்.

சொல்லின் நடுவே வரும் ‘க’ தனிச் சிக்கல். மகன், பகல் என்று சொல்லும்போது நம் நாக்கு அண்ணத்தை முழுவதும் தொடுவதில்லை, ஏறக்குறைய ‘ஹ’ ஆகிவிடுகிறது. அதே பழக்கத்தில் ‘நகர்’ என்பதை ‘நஹர்’ என்று வாசிக்கிறார்கள். இந்தியில் அது கால்வாய். காந்தி நகரைக் காந்தி கால்வாயாக்கிவிடுகிறீர்கள், பாலாற்றிலேயே தண்ணீர் இல்லாத ஊரில் கால்வாய்க்கு எங்கே போவது என்பேன்.

இரண்டாம் எழுத்துகளுக்குத்தான் உண்மையான உழைப்பு. இங்கே ஒலியே புதிது. ஒலியோடு சேர்ந்து மூச்சு வெளியேற வேண்டும். எனக்குக் கைகொடுப்பது பஸ் டிக்கெட். மெல்லிய தாள், நீளவாக்கில் கிழித்து உதட்டுக்கு முன்னால் பிடித்தால் போதும். ‘பல்’ என்று தமிழில் சொன்னால் தாள் ஏறக்குறைய சும்மா நிற்கும். பழத்துக்கு உள்ள இந்திச் சொல்லை இரண்டாம் ‘ப’ போட்டுச் சொன்னால் சட்டென்று முன்னால் மடியும். ஆனால் மின்விசிறி ஓடினால் தாள் தானாகவே ஆடிக்கொண்டிருக்கும், எனவே அதை நிறுத்தியாக வேண்டும். வேலூர் வெயிலில், அதுவும் ஏப்ரல் மாத மாலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு மூச்செழுத்து கற்றுக்கொடுப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். “மிஸ், வந்துவிட்டது, வந்துவிட்டது, ஃபேன் போடுங்கள்” என்று கத்துவார்கள். வேர்வைக்குப் பயந்தாவது சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள்.

டிக்கெட்டை ஏமாற்றவும் அவர்களுக்குத் தெரியும். இரண்டாம் ‘ப’வுக்குப் பதிலாக ‘ஃப’ என்று சொன்னாலும் தாள் ஆடும். ஆகவே தாளைப் பார்க்காமல் உதட்டைப் பார்க்க வேண்டும். மேற்பல் கீழுதட்டைத் தொட்டால் அது ‘ஃப’, இரு உதடுகளும் மூடித் திறந்தால்தான் சரி. வடக்கேயும் பலர் பழத்தை ‘ஃபல்’ என்றுதான் இப்போது சொல்கிறார்கள் என்று ஒரு சிறுவனின் தந்தை வாதிட்டார். உண்மைதான். இருந்தாலும், தெரிந்து மாற்றுவது வேறு, தெரியாமல் மாறுவது வேறு என்று சொல்லி அனுப்பினேன்.

நான்காம் எழுத்துக்குத் தொண்டையும் அதிர வேண்டும், மூச்சும் வர வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து ‘ப-ஹா-ரத்’ என்பார்கள், இல்லாவிட்டால் மூச்சை விழுங்கிவிட்டு மூன்றாம் எழுத்தோடு நின்றுகொள்வார்கள். இதற்குக் காட்பாடி ரயில் சந்திப்பு எனக்கு இலவச உதவி ஆசிரியர். ‘யாத்ரீகண் கிருபயா த்யான் தே’ என்ற அறிவிப்பை இந்த ஊர்ப் பிள்ளைகள் பொருள் தெரியாமலே மனப்பாடமாகச் சொல்வார்கள். அதில் ‘த்யான்’ நான்காம் ‘த’, அடுத்த சொல்லான ‘தே’ மூன்றாம் ‘த’. அடுத்தடுத்து இரண்டும் வருவதால் காது ஒப்பிட்டுப் பார்க்க வசதி. ஒலிபெருக்கிப் பெண்ணைப் போலக் குரலை இழுத்துச் சொல்லச் சொன்னால், புத்தகத்தைப் பார்த்து வராத மூச்சு தானாக வந்துவிடுகிறது. காந்தி என்ற பெயரிலும் தொடக்கத்தில் மூன்றாம் ‘க’, முடிவில் நான்காம் ‘த’. தென்னாட்டில் இந்தி கற்பிக்க 1918இல் சபாவைத் தொடங்கி, முதல் ஆசிரியராகத் தம் மகன் தேவதாஸையே அனுப்பியவரின் பெயரை, அந்தச் சபாவின் தேர்வு எழுதுகிறவர்களாவது சரியாகச் சொல்ல வேண்டாமா?

நான்காம் எழுத்துகளில் கண்ணுக்கும் ஒரு பொறி இருக்கிறது. நான்காம் ‘க’வும் நான்காம் ‘த’வும் பார்க்க உடன்பிறப்புகள். முதலாவதற்குத் தலைக்கோடு முழுதாக இருக்கும், இரண்டாவதற்குச் சுழியிருக்கும் இடத்தில் கோடு அறுந்திருக்கும். நான்காம் ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் இதே கதை. நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? ஸ்கேலை வைத்து வரி முழுவதும் முதலில் கோடு போட்டுவிட்டு, அதன்கீழ் எழுத்துகளை வரிசையாகத் தொங்கவிடுகிறார்கள். கோடு அறுபட வேண்டிய இடம் எப்படி அறுபடும்? என் வகுப்பில் ஸ்கேலுக்கு இடமில்லை. எழுத்து முதலில், கோடு கடைசியில், அதுவும் கையால்.

கடையில் விற்கும் விளக்கப்படத்தின் சொற்கள் மீது எனக்குத் தீராத எரிச்சல் உண்டு. மூன்றாம் ‘த’வுக்கு மைக்கூடு போட்டிருப்பார்கள். இரண்டாம் ‘ட’வுக்குப் பாத்திரம் தட்டும் கன்னார். எந்தக் குழந்தை இவற்றைப் பார்த்திருக்கிறது? அந்தப் படத்தை உருவத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சொற்களைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஆற்காட்டு மக்கன் பேடாவில் இருக்கிறது இரண்டாம் ‘க’. கீ ரோஸ்ட்டின் ‘கீ’ நான்காம் ‘க’. சோலே பட்டூராவில் இரண்டாம் ‘ச’வும் நான்காம் ‘ப’வும் ஒரே தட்டில் வருகின்றன. பானிபூரி முதல் ‘ப’, அதே வண்டியில் விற்கும் பேல்பூரி நான்காம் ‘ப’. ‘வட இந்தியத் தாலி’ என்று ஓட்டல் பலகையில் படித்துவிட்டு, பெரிய பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தத் தட்டு இரண்டாம் ‘த’ என்று தெரிந்தபின் அது கழுத்தில் ஏறாது.

ஆங்கில எழுத்து வழியாக வரும் குழப்பம் இதைவிட மோசம். தோனியின் பெயரில் இருப்பது நான்காம் ‘த’. பெங்களூரு நெடுஞ்சாலையில் நாம் சாப்பிட நிறுத்தும் தாபாவில் இருப்பதோ நான்காம் ‘ட’. ஆங்கிலத்தில் இரண்டுமே டி, எச் என்று தொடங்குவதால், பலகை எழுதியவர் தாபா என்று தமிழாக்கிவிட்டார், பிள்ளைகளும் இரண்டையும் ஒன்றென்றே எடுத்துக்கொள்கிறார்கள். தகரத்தையும் டகரத்தையும் பிறவியிலேயே பிரித்தறியும் தமிழ் நாக்கு, இங்கிலீஷ் எழுத்தை நம்பி ஏமாறுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பக்கோடாவுக்கும் இதே கதி. இந்தியில் அது கீழே புள்ளி வைத்த ‘ட’. நாக்கை மடித்து ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடும். நம் படகிலும் கடலிலும் இருக்கிற ‘ட’வுக்கு மிக நெருங்கியது. சும்மா விட்டாலே பிள்ளைகள் சரியாகச் சொல்வார்கள். ஆங்கில மெனுவில் அது ‘பக்கோரா’ ஆனதைப் பார்த்துவிட்டு, பையனைக் குறிக்கும் லட்காவை ‘லர்கா’ என்று படித்து வந்து நிற்கிறான் ஒருவன்.

தமிழ் எழுத்தும் இந்தக் குற்றத்தில் பங்குள்ளதுதான். பாடப்புத்தகத்தின் ஒவ்வொரு வரிக்கும் கீழே அம்மாக்கள் பென்சிலால் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளை கீழ்வரியைப் பார்த்துக் கடகடவென்று வாசிக்கும். மேல்வரியில் கண் போகவே போகாது. இந்தப் பென்சில் வரியை நான் ரப்பரால் அழிக்கச் சொல்வதால் சில வீடுகளில் எனக்குக் கண்டிப்பான மிஸ் என்று பெயர். ஒரு தாய் கோபித்துக்கொண்டு, “பின்னே எப்படித்தான் ஞாபகம் வைத்துக்கொள்வாள்?” என்றார். சுலோகப் புத்தகங்களில் எழுத்தின் மேல் 2, 3, 4 என்று எண் போடுகிறார்களே, அதை மட்டும் தொடக்கத்தில் சில வாரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன். எண் காதை எழுப்பும், முழுத் தமிழ்வரி தூங்க வைத்துவிடும்.

உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் வேலூரிலிருந்து பாலம் தாண்டி வருகிறார்கள். இந்தி அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று பெற்றோர் நினைக்கிறார்கள். சொற்கள் தெரியும்தான். ஆனால் இங்கே வீட்டில் பேசுவது தக்கணி உருது. அதில் கையைக் குறிக்கும் ‘ஹாத்’ கடைசி மூச்சை எப்போதோ உதறிவிட்டது. ஆகவே அவர்கள் பொருள் தெரிந்து பிழையாக எழுதுகிறார்கள், தமிழ்ப் பிள்ளைகள் பொருள் தெரியாமல் சரியாக எழுதுகிறார்கள். இரண்டு வகையினரையும் அருகருகே உட்கார வைத்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம். குடியாத்தம் பக்கத்துத் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிக் கவலை குறைவு. தெலுங்கில் நான்குக்கும் எழுத்து உண்டென்பதால், அவர்கள் வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு பாட்டி இருப்பார்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை எதிரே காந்தி சாலையில் கடை வைத்திருக்கும் ஒருவரின் மகள், “எங்கள் கடைக்கு வருகிறவர்கள் நீங்கள் சொல்வதுபோல் சொல்வதில்லையே மிஸ்” என்று பிடித்துக்கொண்டாள். வங்காளத்திலிருந்து மருத்துவத்துக்கு வருகிறவர்கள் ‘வ’வை ‘ப’வாக, மூன்றாம் ‘ப’வாக, ஒலிப்பதைக் கவனித்திருக்கிறாள். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவர்களுக்கும் இந்தி இரண்டாம் மொழி, அவர்கள் நாக்கு அவர்களோடு வருகிறது என்று சொன்னேன். மறுவாரம் முழுவதும் கடைக்கு வந்தவர்கள் யார் யார் எந்த எழுத்தை எப்படிச் சொன்னார்கள் என்று பட்டியலோடு வந்தாள்.

ஐந்து வரிசை முடிந்தால் மீதி விரைவில் ஓடிவிடும். ய, ர, ல, வ நம்முடையவை. ஸ, ஹ சிக்கலில்லை. இரண்டு ‘ஷ’க்களைப் பேச்சில் இந்திக்காரர்களே பெரும்பாலும் பிரிப்பதில்லை, எழுத்துப் பிழை வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று கடந்துவிடுகிறேன். படத்தின் கடைசிக் கட்டத்தில் ஜ-வும் ஞ-வும் சேர்ந்த கூட்டெழுத்து. அதை இந்தியில் மூன்றாம் ‘க’வோடு ‘க்ய’ என்பார்கள், விஞ்ஞானம் ‘விக்யான்’ ஆகிவிடும். “ஞ எங்கே போயிற்று மிஸ்?” என்று யாராவது கேட்காத ஆண்டில்லை. மராத்தியில் வேறு மாதிரி, தெலுங்கில் வேறு மாதிரி என்று விளக்கத் தொடங்கினால் மணி ஏழரை ஆகிவிடும், வாசலில் வண்டிகள் ஹாரன் அடிக்கும். நாளை முதல் மாத்ரா, அதாவது உயிர்க்குறிகள், எல்லோரும் ரப்பர் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.