பிரிண்டர் சும்மா கிடந்தால்தான் கெடும்

பிரிண்டர் வாங்கலாம் என்றிருக்கிறேன், எது நல்லது என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வாரத்தில் எத்தனை நாள் அதில் பிரிண்ட் எடுப்பீர்கள்? மாதம் எத்தனை பக்கம் என்று எல்லோரும் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள், விளம்பரங்களிலும் அந்தக் கணக்குதான் இருக்கும். நாள் கணக்கை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். ஆனால் வீட்டிலும் சின்ன ஆபீசிலும் பிரிண்டர் ஓடி ஓடித் தேய்ந்து போவதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன், சும்மா கிடந்து கெட்டுப்போவதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மாதக்கணக்கில் துணி போட்டு மூடிப் பத்திரமாக வைத்திருப்பார்கள். திடீரென்று அவசரமாக ஒரு விண்ணப்பம் எடுக்க வேண்டி வந்து ஆன் செய்தால் கறுப்பு மட்டும் வராது, இல்லையென்றால் எழுத்துக்கு நடுவே வெள்ளைக் கோடு கோடாக வரும். மெஷின் மட்டம் என்று சொல்லித் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

இங்கைச் சொட்டுச் சொட்டாகத் தெறித்து எழுதும் இங்க்ஜெட்டைத்தான் சொல்கிறேன். தூளை உருக்கி அச்சடிக்கும் லேசருக்கு இந்த நோய் கிடையாது, அதை அப்புறம் சொல்கிறேன்.

இங்க்ஜெட்டில் எழுதும் வேலையைச் செய்வது ஹெட். அதன் அடிப்பக்கத்தில் நூற்றுக்கணக்கான துளைகள் இருக்கும், நாசில் என்பது அவற்றைத்தான். ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமனை விடச் சின்னது. அதிலிருந்து தெறிக்கும் ஒரு சொட்டு சில பிகோலிட்டர் அளவுதான், அதாவது ஒரு லிட்டரை லட்சம் கோடி பங்காகப் பிரித்தால் அதில் சில பங்கு. வீட்டு பிரிண்டரில் ஊற்றும் இங்கில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் துளையின் வாயில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போனால் சாயம் மட்டும் மிஞ்சிக் காய்ந்து அடைத்துக்கொள்கிறது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் பழைய இங்க் வெளியே போய்ப் புது இங்க் வந்துகொண்டே இருக்கும், காய நேரம் கிடைக்காது.

இங்கைத் தெறிக்க வைக்க இரண்டு வழிகள் உண்டு. கேனன், ஹெச்பி போன்றவர்கள் இங்கைச் சட்டென்று சூடாக்கி ஒரு குமிழ் உண்டாக்கி அதன் அழுத்தத்தில் சொட்டைத் தள்ளுகிறார்கள். 1977-இல் கேனன் ஆய்வுக்கூடத்தில் இங்க் நிரப்பிய ஊசி மேல் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டு இங்க் தெறித்தது, அதைக் கவனித்ததில் பிறந்த யோசனை இது. எப்சனும் பிரதரும் மின்சாரம் கொடுத்தால் நெளியும் பீசோ படிகத்தை வைத்து இங்கைப் பிதுக்குகிறார்கள். வாங்குகிறவருக்கு இது எதற்கு என்றால், சூடாக்கும் வகையில் பல மாடல்களில் ஹெட், இங்க் அடைத்த டப்பாவான கார்ட்ரிட்ஜோடு ஒட்டியே வரும். அடைத்துப் போனால் புது கார்ட்ரிட்ஜ் போட்டதும் ஹெட்டும் புதிதாகிவிடும். பீசோ வகையில் ஹெட் மெஷினோடு பொருத்தப்பட்டது, அது காய்ந்து போனால் மாற்றும் செலவில் இன்னொரு பிரிண்டரே வாங்கிவிடலாம் என்ற நிலை வரும். அதனால் எப்போதாவதுதான் எடுப்பேன், ஆனாலும் கலர் வேண்டும் என்கிறவர்களுக்கு ஹெட் ஒட்டிய சாதாரண கார்ட்ரிட்ஜ் மாடலையே சொல்வேன். பக்கத்துக்கு ஆகும் செலவு அதில் கூடுதல்தான், இருந்தாலும் பாட்டிலில் இருந்து இங்க் ஊற்றும் இங்க் டேங்க் மெஷினை வாங்கி மூலையில் வைத்து ஹெட்டைக் காய வைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

இனி, நான் எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிற விஷயம். பிரிண்டரை அதன் பட்டனில் அணையுங்கள், சுவரில் இருக்கும் சுவிட்சில் அணைக்காதீர்கள். பட்டனை அழுத்தியதும் உடனே அணையாமல் சில நொடி உள்ளே ஏதோ நகர்கிற சத்தம் வரும், கேட்டிருப்பீர்கள். ஹெட் ஓரத்துக்குப் போய், அங்கே இருக்கும் ரப்பர் மூடி கீழிருந்து எழும்பி நாசில்களின் மேல் அப்பிக்கொள்கிற சத்தம் அது. பேனாவை மூடி வைப்பது மாதிரிதான். அந்த மூடிக்குள் ஈரம் காக்கப்படும் வரை ஹெட்டுக்கு ஆபத்து குறைவு. வேலை நடக்கும்போது சுவிட்சைத் தட்டிவிட்டால் ஹெட் பாதி வழியில் திறந்தபடி நின்றுவிடும், அப்படியே ஓர் இரவு முழுக்கக் கிடந்தாலும் கிடக்கும். கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருக்கிற இடங்களில் தினமும் இதுதான் நடக்கிறது. போதாததற்கு, பல மாடல்கள் கரண்ட் முழுக்கப் போய்த் திரும்ப வந்தால் எவ்வளவு நாள் அணைந்திருந்தோம் என்று தெரியாமல் ஒரு கிளீனிங்கைத் தானாகவே ஓட்டிவிடும், அதற்கும் இங்க் போகும்.

வாரம் ஒருமுறை எல்லா நிறமும் வருகிற மாதிரி ஒரு பக்கம் எடுங்கள். கறுப்பு எழுத்து மட்டும் எடுத்தால் நீலமும் மெஜந்தாவும் மஞ்சளும் அவற்றின் துளைகளில் அப்படியே நிற்கும். எதை எடுப்பது என்று யோசிக்க வேண்டாம், மெனுவில் இருக்கும் நாசில் செக் போதும், மிகக் கொஞ்சம் இங்க்தான் செலவாகும். அந்தத் தாளைச் சும்மா தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். படிக்கட்டு மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் இறங்கி வரும், ஒரு கோட்டுக்கு ஒரு நாசில். மஞ்சளை வெள்ளைத் தாளில் பார்ப்பது கஷ்டம், தாளைச் சாய்த்து நிதானமாகப் பார்க்க வேண்டும். எங்காவது ஒரு கோடு விட்டுப் போயிருந்தால் அந்த நாசில் அடைக்கத் தொடங்கிவிட்டது. ஒன்றிரண்டு கோடு விடும்போதே கவனித்தால் ஒரு ஹெட் கிளீனிங்கில் சரியாகிவிடும். பாதி நிறம் காணாமல் போன பிறகு கவனித்தால் பாடுதான்.

கிளீனிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல ஹெட்டையும் இதை வைத்தே பாழாக்குகிறவர்கள் உண்டு. கிளீனிங் என்றால் உள்ளே எதையோ துடைக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ரப்பர் மூடி வழியாக ஒரு பம்ப் இங்கை உறிஞ்சி இழுக்கிறது, அடைப்பு அதோடு சேர்ந்து வர வேண்டும் என்பது கணக்கு. ஒருமுறை ஓட்டுங்கள், நாசில் செக் எடுத்துப் பாருங்கள், முன்னேற்றம் தெரிந்தால் இன்னொருமுறை. இரண்டு மூன்று தடவைக்குப் பிறகும் அதே கோடுகள் அதே இடத்தில் விட்டுப் போனால் நிறுத்திவிட்டு, பட்டனில் அணைத்து, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காய்ந்த இங்க் புது இங்கில் ஊறி இளக நேரம் வேண்டும், காலையில் பார்த்தால் பல நேரம் தானாகவே சரியாகியிருக்கும். விடாமல் பத்துத் தடவை ஓட்டினால் இங்க்தான் காலியாகும், காற்றுக்குமிழ் புகுந்து நன்றாக இருந்த நாசிலும் நின்றுவிடக் கூடும்.

உறிஞ்சிய இங்க் எங்கே போகிறது? மெஷினின் அடியில் ஒரு பஞ்சு இருக்கிறது, அதில் போய்ச் சேர்கிறது. எவ்வளவு போனது என்று மெஷின் கணக்கு வைத்துக்கொள்ளும், அளவு தாண்டிவிட்டது என்று அதற்குத் தோன்றினால் இங்க் வழிந்துவிடக் கூடாதே என்று ஒரு செய்தியைக் காட்டிவிட்டு அச்சடிப்பதையே நிறுத்திவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின் இப்படி நின்றதும் செத்துப்போனது என்று குப்பைக்கு அனுப்புகிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது. பஞ்சை மாற்றிக் கணக்கைத் திருப்பி வைத்தால் மறுபடி ஓடும். இப்போது சில மாடல்களில் மெயின்டனன்ஸ் பாக்ஸ் என்று நாமே கழற்றி மாட்டுகிற மாதிரி கொடுக்கிறார்கள், வாங்கும்போது அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

பெட்டியில் போட்டிருக்கும் பக்கக் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். அது ஐ.எஸ்.ஓ. என்ற உலகத் தர நிர்ணய அமைப்பு வகுத்த மாதிரிப் பக்கங்களைத் தொடர்ச்சியாக அடித்துப் பார்த்து எடுத்த எண்ணிக்கை. பொய் இல்லை, ஆனால் வாரத்துக்கு இரண்டு பக்கம் எடுக்கிற வீட்டில் இங்கில் கணிசமான பங்கு கிளீனிங்குக்கே போய்விடும், அந்த எண்ணிக்கை ஒருநாளும் வராது.

வேறு கம்பெனி இங்க் ஊற்றலாமா என்றால், ஹெட் கார்ட்ரிட்ஜில் இருந்தால் துணிந்து பார்க்கலாம், போனால் ஒரு கார்ட்ரிட்ஜ்தான். ஹெட் மெஷினில் இருந்தால் நான் ஊற்ற மாட்டேன். டை இங்க், பிக்மென்ட் இங்க் என்று இரண்டு வகை இருக்கிறது, டை என்பது கரைந்த சாயம், பிக்மென்ட் என்பது மிதக்கும் நுண்துகள். டைக்கென்று செய்த மெஷினில் பிக்மென்ட்டை ஊற்றினால் அடைப்பை நாமே கூப்பிட்டு வைத்த மாதிரி ஆகும். பாட்டில் மேல் என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டு ஊற்றுங்கள்.

சரி, லேசர். இதில் காய்வதற்கு ஒன்றுமே இல்லை. டோனர் என்பது நிறமேற்றிய நுண்ணிய பிளாஸ்டிக் தூள், டிரம் என்ற உருளையில் நிலைமின்சாரத்தால் ஒட்டி, தாளுக்கு இறங்கி, ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் உருகிப் பிடித்துக்கொள்கிறது. செஸ்டர் கார்ல்சன் 1938-இல் செய்து காட்டிய ஜெராக்ஸ் முறைதான் இதற்கு அடிப்படை, அந்த டிரம்மில் லேசரால் எழுதலாம் என்ற யோசனை 1960-களின் கடைசியில் ஜெராக்ஸ் கம்பெனிப் பொறியாளர் கேரி ஸ்டார்க்வெதருக்கு வந்தது. ஆறு மாதம் தொடாமல் வைத்திருந்து ஆன் செய்தாலும் முதல் பக்கமே தெளிவாக வரும். அதனால் கறுப்பு எழுத்து மட்டும் போதும், எப்போதாவதுதான் எடுப்பேன் என்கிறவருக்கு யோசிக்காமல் கறுப்பு வெள்ளை லேசரைச் சொல்லிவிடுவேன். முதலில் கொடுக்கிற பணம் கூடுதலாகத் தெரியும், ஆனால் தொந்தரவு குறைவு.

லேசரில் பார்த்துக்கொள்ள வேண்டியவை சிலதுதான். எழுத்து மங்கினால் டோனர் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டிவிட்டு மாட்டுங்கள், இன்னும் கொஞ்சப் பக்கம் கிடைக்கும். டிரம்மை வெளிச்சத்தில் திறந்து வைக்காதீர்கள், அது வெளிச்சத்துக்கு வேலை செய்கிற பொருள், அதிக நேரம் பட்டால் கெடும். கையிலோ உடையிலோ தூள் கொட்டிவிட்டால் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள், சுடுதண்ணீர் பட்டால் பிளாஸ்டிக் இளகிக் கறை பிடித்துக்கொள்ளும். வீட்டு வாக்குவம் கிளீனரில் உறிஞ்ச வேண்டாம், அவ்வளவு நுண்ணிய தூளை அதன் பில்டர் பிடிக்காது, அறை முழுக்கத் திருப்பி ஊதிவிடும். இங்க்ஜெட் போட்டோ பேப்பரை லேசரில் விடாதீர்கள். மேல்பூச்சு சூட்டில் உருகி ரோலரில் ஒட்டினால் பெரிய செலவு.

பேப்பர் சிக்குவது இரண்டு வகைக்கும் பொது. அடிக்கடி சிக்கினால், அல்லது ட்ரேயில் தாள் இருந்தும் தாள் இல்லை என்று காட்டினால், முதலில் பார்க்க வேண்டியது தாளை இழுக்கும் அந்த ரப்பர் ரோலரை. தாளில் இருந்து உதிரும் வெள்ளைத் தூசி அதில் படிந்து படிந்து ரப்பர் வழவழவென்று பளபளக்க ஆரம்பித்துவிடும், விரலால் தொட்டால் பிடிப்பே இருக்காது. நூல் உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, ரோலரைச் சுற்றிச் சுற்றித் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறத்தில் அழுக்கு வரும், ரப்பர் மறுபடி மங்கலாகி விரலைப் பிடிக்கும், அதுதான் அடையாளம். காயவிட்டுத் தாள் வைத்துப் பாருங்கள், சர்வீஸுக்கு எடுத்துப் போக இருந்த மெஷின் பல நேரம் அந்த இடத்திலேயே சரியாகிவிடும்.

சிக்கிய தாளை அது போகிற திசையிலேயே இரண்டு கையாலும் சமமாக இழுக்க வேண்டும், எதிர்ப்பக்கம் இழுத்தால் கியரும் சென்சாரும் அடிபடும். கிழிந்துவிட்டால் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள், தாள் முழுசாக இருக்கிறதா என்று. ஒரு மூலை குறைந்தால் அது உள்ளேதான் இருக்கிறது, நாளைக்கு மறுபடி சிக்க வைக்கும். பிரித்த பேப்பர் கட்டை உறையோடு மடித்து வையுங்கள், ஈரம் வாங்கிய தாள் வளையும், இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு போகும்.

வைஃபை தகராறை நீட்டி எழுத மனமில்லை. ஆஃப்லைன் என்று காட்டினால் பாதி நேரம் ரூட்டர் பிரிண்டருக்கு வேறு ஐ.பி. எண் (நெட்வொர்க்கில் அதன் முகவரி) கொடுத்திருக்கும், ரூட்டர் செட்டிங்ஸில் அந்த எண்ணை பிரிண்டருக்கென்று நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். பல பிரிண்டர்களுக்கு வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும், 5-இல் தேடிப் பயனில்லை. விண்டோஸில் வரிசையில் ஏதாவது மாட்டிக்கொண்டு அழிக்கவும் முடியாமல் நின்றால் அந்த வரிசையைக் கவனிக்கும் பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும், டிரைவரை அழித்து மறுபடி போடும் வேலைக்கெல்லாம் பெரும்பாலும் போக வேண்டியிருக்காது.

பழைய இங்க்ஜெட் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். விற்கிறவர் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் அழகான கலர் பக்கத்தை நம்பாதீர்கள். உங்கள் கண் முன்னாலேயே ஒரு நாசில் செக் எடுக்கச் சொல்லுங்கள், நான்கு நிறமும் முழுசாக வந்தால் கடைசியாக எப்போது பயன்படுத்தினார்கள் என்று கேளுங்கள். லேசர் என்றால் மெனுவில் இருந்து ஸ்டேட்டஸ் பக்கம் எடுத்தால் இதுவரை எத்தனை பக்கம் ஓடியிருக்கிறது என்று பெரும்பாலான மாடல்களில் அதிலேயே இருக்கும். நாசில் செக் எடுக்கத் தயங்குகிறார் என்றால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.