தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியை யாரிடம் கொடுப்பது?

தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துப் பழைய மிராசு வீடுகளில் சிலவற்றில் இன்னமும் ஒரு 12 போர் (குழல் விட்டத்தைக் குறிக்கும் அளவு) இரட்டைக்குழல் இருக்கிறது. பெரியவர் காலமானதும் வீட்டாருக்கு வரும் முதல் ஆசை, அதைப் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும் என்பதுதான். அங்கேதான் எனக்குப் பயம். துரு நாற்பது வருஷத்தில் செய்யாத கேட்டை பளபளப்பாக்கும் பஃப் சக்கரம் ஒன்று அரை மணியில் செய்துவிடும்.

முதலில் காகித வேலை. இறந்தவரின் லைசென்ஸை வைத்துக்கொண்டு வீட்டில் யாரும் துப்பாக்கியை வைத்திருக்க முடியாது. அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து, துப்பாக்கி எண்ணோடு ரசீது வாங்கிவிடுங்கள். பிறகு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் சேர்த்து வாரிசு ஒருவர் கலெக்டருக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, பரம்பரைச் சொத்தாகவே வந்தாலும் ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கும் அண்ணன் பெயருக்கு எழுதி வாங்கலாம் என்று அலைய வேண்டாம்.

பழுதுபார்ப்பவருக்கும் தனி உரிமம் வேண்டும். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. உங்கள் ஊர் லேத் பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரிடம் கொடுத்தால் இருவருக்கும் வழக்கு. நல்ல ஆள் கேட்கும் முதல் கேள்வியே “லைசென்ஸ் கொண்டுவந்தீங்களா?” என்பதாக இருக்கும். கேட்காதவரிடம் நிற்காதீர்கள். விசாரிக்கச் சரியான இடம் ரைபிள் கிளப். அங்கே வருஷக்கணக்காகச் சுடுகிறவர்களிடம் கேளுங்கள். யார் நன்றாகச் செய்கிறார் என்பதோடு, எந்த வேலையை “இது வேண்டாம்” என்று திருப்பி அனுப்பினார் என்றும் கேளுங்கள். இரண்டாவது பதில்தான் ஆளைக் காட்டும்.

கடையில் அவருடைய ஸ்க்ரூ டிரைவர்களைப் பாருங்கள். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கியின் ஸ்க்ரூ தலையில் பள்ளம் நகக்கீறல் போல மெல்லிசாக இருக்கும். அதற்கென முனையை அளவாகத் தேய்த்து வைத்த டிரைவர்கள் இருந்தால் தொழில் தெரிந்தவர். சைக்கிள் கடை டிரைவர் ஒன்றே ஒன்று கிடந்தால், உங்கள் துப்பாக்கியின் ஸ்க்ரூ தலைகள் சிதைந்துதான் திரும்பி வரும்.

அடுத்தது குழல். தொழில் தெரிந்தவர் அதை மரக்கட்டையிலிருந்து கழற்றி, அடிக்கொக்கியில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, விரல் கணுவால் தட்டுவார். வெண்கலப் பாத்திரம் போல ‘ணங்’ என்று இழுத்து ஒலித்தால் நல்லது. விரிசல் விட்ட பானை போலக் கரகரத்தால், இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் பட்டையின் ஈயப்பற்று விட்டிருக்கிறது. உள்ளே ஈரம் இறங்கி, வெளியே தெரியாமல் அரிக்கும்.

பிறகு அளவு. 12 போருக்குப் பெயரளவு விட்டம் 0.729 அங்குலம். குழலின் பின்முனையிலிருந்து 9 அங்குலத்தில் அளந்து, குழலில் குத்தியிருக்கும் புரூஃப் (அழுத்தம் தாங்குமா என்ற சோதனை) முத்திரையில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். 0.010 அங்குலம் கூடியிருந்தால் பிரிட்டிஷ் கணக்கில் பழைய புரூஃப் செல்லாது. சுவர்ப் பருமன் 0.5 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் சுடும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். குழிகளைத் தேய்த்து எடுக்கிறேன் என்பவர் அந்தச் சுவரைத்தான் தேய்க்கிறார். நைட்ரோ புரூஃப் (புகையில்லா மருந்துக்கான சோதனை) முத்திரை இல்லாத குழலில் இன்றைய தோட்டா கூடவே கூடாது.

பலர் ஏமாறும் இடம் சேம்பர், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறை. பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் அதன் நீளம் பெரும்பாலும் 65 மி.மீ.; இன்றைக்குக் கடையில் கிடைக்கும் தோட்டா விரிந்தால் 70. தடையில்லாமல் உள்ளே போய்விடும், ஏனென்றால் மடித்த வாயோடு அது குட்டை. வெடிக்கும்போதுதான் மடிப்பு விரிந்து, குறுகும் இடத்தில் நுழைந்து ரவையின் வழியை நெருக்கும், அழுத்தம் ஏறும். “பத்து நிமிஷத்தில் ரீமர் (துளையைக் குடையும் கருவி) போட்டு 70 ஆக்கித் தருகிறேன்” என்பவரிடமிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். உலோகத்தை எடுத்தால் மறுபடி புரூஃப் பார்த்தாக வேண்டும்.

நிறமேற்றுவதில் ஒரே பேச்சு: இரட்டைக்குழலைச் சூடான காஸ்டிக் உப்புத் தொட்டியில் போடக்கூடாது. அது ஈயப்பற்றைத் தின்றுவிடும். மெதுவாகத் துருவேற்றி, கொதிக்கவைத்து, இரும்பு நாரால் தேய்த்து, ஐந்தாறு முறை திரும்பச் செய்யும் பழைய முறைதான் சரி. கொதிக்கவைக்க வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்பு போர்வெல் தண்ணீரில் கொதிக்கவைத்த குழல் சில நாளில் புள்ளி புள்ளியாகத் துரு பூக்கும். வேலைக்கு முன்பே எண்ணையும் முத்திரைகளையும் படம் எடுத்து வையுங்கள். தேய்ப்பில் எண் அழிந்தால் போனது அழகு மட்டுமில்லை. ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் அது குற்றம்.

கட்டை வேலை சிறியது. எண்ணெய் ஊறிக் கறுத்த இடத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. சாக்பொடிப் பற்றுப் போட்டு எண்ணெயை இழுத்த பிறகே விரிசலை ஒட்ட வேண்டும். ஆளிவிதை எண்ணெய்ப் பூச்சைப் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி ஈரத்தில் ஒரு பூச்சு காய்வதற்குள் பொறுமை போய்விடும்.

திரும்ப வாங்கும்போது கடை மேஜையிலேயே எண்ணை லைசென்ஸோடு ஒத்துப் பாருங்கள். முன்கட்டையைக் கழற்றி, குழலைப் பூட்டி, குழலின் பின்முனை மூடிச் சேரும் இடத்தில் மெல்லிய காகிதத்தைச் செருகிப் பாருங்கள். நுழைந்தால் கீல் தேய்மானம் சரியாகவில்லை. வீட்டில் தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், பிசுபிசுத்து விசையைப் பிடிக்கும். தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். பூட்டிய அலமாரியில் குழல்வாய் கீழே பார்க்க நிறுத்துங்கள். மேலே பார்த்தால் எண்ணெய் வழிந்து மறுபடி கட்டையில்தான் ஊறும்.