புகை தெரியக் கூடாது, ஒளி தெரிய வேண்டும்

ஒளிப்பதிவு உதவியாளராக என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, சன்னல் வழியே கற்றை கற்றையாக இறங்கும் வெளிச்சத்தை எந்த விளக்கை வைத்து எடுத்தீர்கள் என்பதுதான். கேட்பவர்கள் விளக்கின் பெயரையே எதிர்பார்க்கிறார்கள். எங்களுக்கோ அந்த வேலையில் பெரும்பகுதி நேரம் காற்றைப் பக்குவப்படுத்துவதில் கழிகிறது. நம் கண்ணுக்கு நேரே வராமல் குறுக்காகப் போகும் வெளிச்சம் நமக்குத் தெரிவதில்லை. அதன் பாதையில் மிதக்கும் நுண்துகள்கள் அதில் ஒரு பங்கைச் சிதறடித்து நம் பக்கம் திருப்பினால்தான் கற்றை புலப்படும். 19ஆம் நூற்றாண்டில் ஜான் டிண்டால் ஆராய்ந்ததும், பள்ளியில் டிண்டால் விளைவு என்று நாம் படித்ததும் இதைத்தான்.

ஓட்டு வீட்டுக் கூடம் ஒன்றை ஸ்டுடியோ ஃப்ளோரில் அரங்கமாகப் போட்டிருக்கிறார்கள் என்று கொள்வோம். கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியே காலை வெயில் சாய்வாக இறங்க வேண்டும். அதற்கு விளக்கை, ஃப்ளோர் இடம் தரும் வரை தள்ளி உயரத்தில் நிறுத்துவோம். பக்கத்தில் வைத்தால் கதிர்கள் விசிறிபோல் விரிந்து, வெளியே இருப்பது சூரியன் இல்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். விளக்கின் முன்னால் ட்ரேஸிங் பேப்பர் கட்டினால் கற்றையின் விளிம்பு கரைந்துபோகும். ஆகவே மென்மையாக்காத, கடினமான வெளிச்சம் அப்படியே வர வேண்டும். துகள்கள் பெரும்பங்கு ஒளியை அது போகும் திசையிலேயே முன்னோக்கித் தள்ளுவதால், கேமரா விளக்கை ஓரளவு எதிர்நோக்கி இருக்கும்போதுதான் கற்றை பளிச்சென்று எழும்பும். விளக்குப் பக்கம் நின்று பார்த்தால் அதே கற்றை மங்கிவிடும். பின்னணிச் சுவர் வெளுப்பாக இருந்தாலும் பலன் இல்லை. கலை இயக்குநரிடம் சுவரின் நிறத்தைப் பற்றி முன்கூட்டியே பேசிவைப்பது அதனால்தான்.

அடுத்தது புகை. முன்பெல்லாம் சட்டியில் கரியைக் கனலவைத்து, தேங்காய் நாரும் சாம்பிராணியும் போட்டு அரங்கத்தைச் சுற்றிவருவார்கள். இப்போது புகை இயந்திரங்கள் வந்துவிட்டன. கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் கலந்த நீரைச் சூடாக்கிப் பீய்ச்சும் இயந்திரம் திரள்திரளாக வெண்புகை கக்கும். ஹேஸர் என்பது கண்ணுக்கு எளிதில் பிடிபடாத மெல்லிய படலத்தைப் பரப்பும். கற்றைக்கு ஏற்றது ஹேஸர்தான் என்பது என் உறுதியான கருத்து. கதவுகளைச் சாத்தி, ஏசியையும் மின்விசிறிகளையும் நிறுத்தி, புகையை மூலைகளிலிருந்து விட்டு, தெர்மாகோல் அட்டையால் விசிறிக் கலைத்துவிட்டு, காத்திருக்க வேண்டும். கற்றைக்குள் சுருள் சுருளாக ஏதாவது நெளிந்தால் பார்வையாளருக்குத் தெரிவது புகை. அந்தச் சுருள்கள் அடங்கி, காற்று முழுவதும் ஒரே சீராகிவிட்டால் அவருக்குத் தெரிவது வெயில். இந்த வேறுபாட்டுக்காகக் காத்திருக்கும் சில நிமிடங்கள்தான் படப்பிடிப்பில் மிக நீளமானவை. இயக்குநர் முதல் தயாரிப்பு நிர்வாகி வரை எல்லோரும் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஷாட்டுக்கு ஷாட் அந்த அடர்த்தியைக் காப்பது இன்னும் கடினம். வைடு ஷாட்டில் கேமராவுக்கும் நடிகருக்கும் இடையே நிறையக் காற்று இருப்பதால் கறுப்புகள் வெளிறித் தெரியும். அதே காட்சிக்குக் கேமராவை அருகில் கொண்டுபோய் க்ளோசப் எடுத்தால் இடையில் உள்ள புகை குறைந்து முகம் அழுத்தமாகிவிடும். இரண்டையும் ஒட்டினால் வெவ்வேறு நாளில் எடுத்தவைபோல் இருக்கும். ஆகவே மானிட்டரின் வேவ்ஃபார்மில், அதாவது படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தில், கறுப்பு எவ்வளவு மேலேறியிருக்கிறது என்று ஒவ்வொரு டேக்குக்கும் குறித்துக்கொண்டு, அதற்கேற்பப் புகையைக் கூட்டியும் குறைத்தும் வருவோம். வெளிப்புறத்தில் இந்தக் கணக்கு எதுவும் எடுபடாது, அங்கே காற்று வைத்ததுதான் சட்டம். கற்றையைக் கணினியில் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் உண்டு. நடிகர் கற்றையைக் கடக்கும்போது அவருடைய நிழல் அந்தக் காற்றையே கீறிக்கொண்டு போவதை அரங்கில் பார்த்த எனக்கு அதில் மனம் ஒப்புவதில்லை.

இவ்வளவையும் சுவாசிப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூடான புகை மேலே ஏறும். மேலே தொங்கும் பலகைகளில் விளக்கோடு நிற்கும் லைட்மேன்களுக்குத்தான் அது முதலில் போய்ச் சேரும். 2000இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக நடிகர்களிடம் நடத்திய ஆய்வு, மேடைப் புகையின் அளவு உச்சத்தைத் தொடும் தருணங்களுக்கும் தொண்டை, மூச்சுப்பாதை எரிச்சலுக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டு, கிளைக்காலுக்கும், சில புகை இயந்திரங்களில் ஊற்றும் கனிம எண்ணெய்க்கும் தனித்தனி உச்சவரம்புகளைப் பரிந்துரைத்தது. கரியும் நாரும் எரியும் சட்டியிலோ கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வருகிறது. அதனால் ஹேஸர் கேட்டு எழுதும் பட்டியலிலேயே முகக்கவசங்களையும் எழுதிவிடுகிறேன். லைட்மேன்களைச் சுழற்சி முறையில் கீழே இறக்கவும், கதவுகளைத் திறந்து காற்றாடவிடவும், பிறகு மறுபடி புகையைப் பரப்பவும் ஆகும் நேரத்தை அன்றைய திட்டத்திலேயே சேர்க்கச் சொல்கிறேன். ஒரு ஷாட் குறையுமே என்று நிர்வாகத்தில் முகம் சுளிப்பார்கள். அந்த ஷாட்டை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுவேன்.